பின்பக்கத்திலிருந்து ஒரு தட்டல்

இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் நான்காம் எண் பிரஸ்ஸுக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு வாசல்கள். ஒவ்வொரு வாசலின் இரு ஓரங்களிலும் ஆள் உயரத்துக்கு மஞ்சள் தூண்கள் நிற்கும். ஒரு தூணிலிருந்து எதிர்த் தூணுக்கு வெளிச்சக் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே கை போனால் கோடு அறுபடும். அறுபட்ட கணமே, மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் இருநூறு டன் அழுத்தம் அந்தரத்தில் நின்றுவிடும். அப்படி ஒரு திரை அங்கே இருப்பது கையை நீட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கிருபாவதி ஆறு வருடமாக அந்த பிரஸ்ஸின் முன்பக்கத்தில் நிற்கிறாள். கார் இருக்கைக்கு அடியில் வரும் இரும்புத் தாங்கியை அடிக்கிற வேலை. தகட்டை அச்சின் முன்பாதியில் வைப்பாள்; முன்பு அடித்த தாங்கி அப்போது பின்பாதிக்கு நகர்ந்திருக்கும். பிறகு இரண்டு பச்சைப் பட்டன்களையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்குவாள். ஒரு பட்டனுக்கும் இன்னொன்றுக்கும் இரண்டடி இடைவெளி. அமுக்குகிறவரின் இரண்டு கைகளும் வெளியே இருந்தாக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அந்த ஏற்பாடு அமுக்குகிறவரின் கைகளை மட்டும்தான் காக்கும். பின்வாசலில் நின்று, அடிபட்ட தாங்கியை எடுத்துக் கூடையில் போடுகிறவரின் கையை அந்த வெளிச்சத் திரைதான் காக்க வேண்டும்.

பின்வாசலில் இசக்கிசெல்வி நின்றாள். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண், இருபது வயது, ஒரகடத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

புரட்டாசி கடைசியில் பின்பக்கத் தூணின் கண்ணாடியில் எண்ணெய்ப் புகை படிய ஆரம்பித்தது. கண்ணாடி மங்கினால் வெளிச்சம் எட்டாது. வெளிச்சம் எட்டாவிட்டால், கை உள்ளே இருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். யாருமே கையை விடாத நேரத்தில்கூட பிரஸ் நின்றது. மணிக்கு முந்நூறு வர வேண்டிய இடத்தில் இருநூறுதான் வந்தது. லைன் லீடர் ஸ்ரீதர் புதுக் கண்ணாடி கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தான். அது வரவில்லை. ஒரு நாள் காலையில் ஒரு சாவியைக் கொண்டுவந்து கிருபாவதியின் கையில் கொடுத்தான்.

அச்சு மாற்றும்போது மட்டும் பயன்படுத்த வேண்டிய சாவி அது. வலப்பக்கம் திருப்பியிருந்தால் திரை விழித்திருக்கும். இடப்பக்கம் திருப்பினால் தூங்கிவிடும்.

"கண்ணாடி வர்ற வரைக்கும்தான்க்கா. நீங்க சீனியரு, பாத்து ஓட்டுவீங்கன்னுதான் உங்க கையில குடுக்கறேன்," என்றான்.

அவள் இடப்பக்கம் திருப்பினாள்.

அச்சு மறைப்பதால் முன்னால் நிற்பவளுக்குப் பின்னால் நிற்பவளின் தலைக்கட்டு மட்டும்தான் தெரியும். கைகள் தெரியாது. காதில் அடைப்பான் இருப்பதால் குரலும் கேட்காது. அதனால் இருவரும் தாங்களாகவே ஒரு வழி செய்துகொண்டார்கள். தாங்கியைத் தூக்க இசக்கிசெல்வியிடம் காந்தம் வைத்த கம்பி ஒன்று உண்டு. தாங்கியைக் கூடையில் போட்டு, கையை வெளியே எடுத்ததும், அந்தக் கம்பியால் பிரஸ்ஸின் உடம்பில் ஒரு தட்டுத் தட்டுவாள். இரும்பு அந்த அதிர்வை முன்பக்கம் வரைக்கும் கொண்டுவரும். பட்டன் மேல் வைத்திருக்கும் உள்ளங்கையில் அது எறும்பு கடித்தது போல வந்து சேரும். வந்ததும் கிருபாவதி அமுக்குவாள்.

மூன்று வாரம் அப்படி ஓடியது. ஒரே வேலையைப் பன்னிரண்டு விநாடிக்கு ஒரு தடவை செய்தால் உடம்பு அதைத் தானாகவே எண்ணப் பழகிவிடும். தட்டல் வரும் நேரம் கிருபாவதியின் கைக்குத் தெரிந்துவிட்டது. தட்டல் வருவதும் கை அமுக்குவதும் ஒரே மூச்சில் நடந்தன. ஒரு கட்டத்துக்குப் பிறகு, தட்டல் வந்துதான் அமுக்குகிறோமா என்பதை அவள் கவனிப்பதையே விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு ஒரு தாங்கி அச்சில் மாட்டிக்கொண்டது. காந்தக் கம்பிக்கு அது வரவில்லை. இசக்கிசெல்வி கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே நெம்பினாள்.

பன்னிரண்டாவது விநாடியில் கிருபாவதியின் கைகள் அமுக்கின.

தட்டல் வரவில்லை. அது அவளுக்குத் தெரியும். அமுக்கி முடித்த அரை விநாடிக்குள் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது.

*

வியாழக்கிழமை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் சண்முகசுந்தரம் நாற்காலியைக் காட்டினார். ஆறு வருடத்தில் அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"டீ சொல்லட்டுமாம்மா?"

"வேணாம் சார்."

"பயப்படாத. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. அந்தப் பொண்ணே ஆஸ்பத்திரில சொல்லிடுச்சு, தன் தப்புதான்னு. சின்னப் பொண்ணு, அவசரம். நாம அதைத்தான் எழுதியிருக்கோம்." ஒரு தாளை நகர்த்தினார். "படிச்சுப் பாரு."

இசக்கிசெல்வி யாரும் சொல்லாமல் தானாகவே சாவியைத் திருப்பினாள் என்றும், அது முன்னால் நின்ற கிருபாவதிக்குத் தெரியாது என்றும் தாளில் இருந்தது.

"திங்கக்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாங்க. உன்னை ஒரு அஞ்சு நிமிஷம் கேப்பாங்க. இதுல இருக்கறதைச் சொன்னாப் போதும். ஜனவரியில பெர்மனன்ட் லிஸ்ட் போடறோம், தெரியும்ல? உன் பேரு மேல கீது... இருக்கு." அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். அவசரத்தில் ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிட்டதை அவரே கவனித்துச் சிரித்தார். "உன் வூட்டுக்காரர் வண்டிகூட நம்ம கான்ட்ராக்ட்லதான ஓடுது?"

"ஆமா சார்."

"நல்ல மனுஷன். கையெழுத்து இப்பப் போடறியா?"

"வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"கேளு, கேளு. திங்கக்கிழமை காலையில போட்டுக்கலாம்."

வெளியே வரும்போது நான்காம் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. பின்வாசலில் தங்கமாரி என்ற புதுப் பெண் நின்றிருந்தாள். சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. கண்ணாடி இன்னும் மாற்றப்படவில்லை. சாவி இடப்பக்கம் இருந்தது.

*

வடக்குப்பட்டில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு கம்பெனியின் மதில் போகிறது. அன்று பொழுது சாயும்போது மழை பிடித்துக்கொண்டது. கிருபாவதி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ஸ்டாஃப் வேனை நிறுத்திவிட்டு வந்த கணவன் ஏசுபாதம் தலையைத் துவட்டிக்கொண்டே மூக்கை உறிஞ்சினான்.

"இன்னாமே, குழம்பு அடிப்புடிக்குது, நீ செவுத்த பாத்துகினு கீற?"

அவள் அடுப்பை அணைத்தாள். தாளில் இருந்ததைச் சொன்னாள். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் குந்தினான். உள்ளறையில் மகள் மதிவதனி பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாதபடி குரலைத் தணித்தான்.

"சாவிய திருப்புனது யாரு?"

"நாந்தான். ஸ்ரீதரு குடுத்தாரு."

"அத்த வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"லைனே பாத்துது. எல்லா லைன்லயும் அப்டிதான ஓடுது."

"அப்ப லைனே சொல்லட்டும். நீ மட்டும் இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்?"

"தொறக்கறேன்னு நான் சொன்னனா?"

"உன் மூஞ்சி சொல்லுது." ஏசுபாதம் மழையைப் பார்த்தான். "இங்க பாருமே. பதினஞ்சாம் வருசம் செம்பரம்பாக்கம் ஏரியில தண்ணி தொறந்தாங்களே, அன்னிக்கு குன்றத்தூர் பக்கம் நான் வண்டியோட மாட்டிகினு நின்னேன். ஷட்டர் தொறக்கறது ஒரு சின்ன வேல. அதுக்கப்புறம் தண்ணி எங்க போவும், யாரு வூட்டுல நுழையும், அத்த தொறந்தவன் கேக்க முடியாது. நீ ஒரு வார்த்த சொன்னா உன் வேல போவும். அடுத்த நாளே என் வண்டி போவும். பொண்ணு படிக்குது. அந்த ஸ்ரீதருக்குக் கல்யாணம் வெச்சிகீறாங்க. அவனும் போவான்."

"அந்தப் பொண்ணுக்குக் கை போச்சே."

"நீ சொன்னா கை வந்துடுமா?"

தட்டலுக்குக் காத்திருக்காமல் அமுக்கியதை அவனிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. சாவி ஒரு பக்கம், அது ஒரு பக்கம். சாவியைத் திருப்பச் சொல்ல ஒரு ஆள் இருந்தான். அமுக்கச் சொல்ல யாரும் இல்லை.

படுப்பதற்கு முன் மூன்று பேரும் பாயில் முழங்கால் போட்டார்கள். தினமும் நடப்பதுதான். ஏசுபாதம் வண்டிக்காகவும் பிள்ளையின் படிப்புக்காகவும் ஜெபித்தான். கிருபாவதியின் முறை வந்தபோது அவளுக்கு ஒரே ஒரு வரிதான் வந்தது.

"ஆண்டவரே, இந்தப் பயத்த எடுத்துப் போடுங்க."

ஆமென் சொல்லி எழுந்தார்கள். பயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

*

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இசக்கிசெல்வியின் வலது கை, மணிக்கட்டுக்குக் கீழே கட்டுப் போட்ட ஒரு வெள்ளை உருண்டையாக இருந்தது. கட்டைவிரல் மட்டும் தப்பித்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். இசக்கிசெல்வி மடியில் எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு, இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாம்பார் சாதத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். வாய்க்குப் போனது பாதி, மடியில் விழுந்தது பாதி.

"வாங்கக்கா. இந்தக் கைக்கு ஒரு எழவும் தெரிய மாட்டேங்கு. ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து படிக்கச் சொல்லணும்."

"குடு, நான் ஊட்டறேன்."

"வேண்டாக்கா. பழகணும்லா." ஒரு பருக்கையை மடியிலிருந்து தட்டிவிட்டாள். "அம்மைட்ட லேசா அடின்னுதான் சொல்லிருக்கேன். அவ வந்து பாத்தா இங்ஙனயே விழுந்துருவா."

கிருபாவதி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சண்முகசுந்தரம் சார் வந்தாவ. என்ன நடந்துன்னு கேட்டாவ. எனக்கு ஒண்ணும் நினைவில்ல சார்ன்னேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேங்கா. நான் தட்டிருப்பேன். தட்டிட்டு, மறுபடி கைய விட்டிருப்பேன். இல்லன்னா நீங்க எப்படி அமுக்குவிய? நீங்க தட்டாம அமுக்குற ஆளா? அதான் சொல்லிட்டேன், எம் புத்தி கெட்டதனந்தான்னு."

கிருபாவதி கட்டில் விரிப்பில் சிந்திக் கிடந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"நாள் பூரா என்னையவே ஏசிக்கிட்டுக் கெடக்கேன். கண்ண மூடினா தட்டுத சத்தந்தான் கேக்கு." இசக்கிசெல்வி ஸ்பூனை வைத்தாள். "எக்கா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க லைன்ல நிக்கும்போதே முணுமுணுன்னு ஜெபம் பண்ணுவியள்லா. எனக்கும் உங்க சாமிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன். எங்க இசக்கியம்மை ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டா."

கிருபாவதி எழுந்து அவள் தலையில் கை வைத்தாள். பதினைந்து வயதிலிருந்து எத்தனையோ வீட்டு ஜெபங்களில் எத்தனையோ நோயாளிகளின் தலையில் வைத்த கை. "இயேசப்பா," என்று தொடங்கினாள். அடுத்த வார்த்தை வரவில்லை. உள்ளங்கைக்குக் கீழே அந்தப் பெண்ணின் தலைமுடி சூடாக இருந்தது. தட்டல் வராத அந்த அரை விநாடி அதே உள்ளங்கையில் இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"மனசுக்குள்ள பண்றேன்," என்றாள்.

"சரிக்கா," என்று இசக்கிசெல்வி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

*

அவர்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறன்று மட்டும்தான் திருவிருந்து. ஆயருக்கு நான்கு ஊர்ச் சபைகள். ஊருக்கு ஒரு ஞாயிறு என்று சுற்றி வருவார். மற்ற வாரங்களில் உபதேசியார் ஆராதனையை நடத்திவிடுவார். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை யாரும் தவறவிட மாட்டார்கள். பெண்கள் வெள்ளைச் சேலையில் வருவார்கள். பீடத்துக்கு முன்னால் ஒரு மரக் கிராதி. எட்டு எட்டுப் பேராகப் போய் அதன் முன் முழங்காலிட வேண்டும். இடது உள்ளங்கையின் மேல் வலது உள்ளங்கையை வைத்து நீட்ட வேண்டும். ஆயர் அப்பத் துண்டை அந்தக் கையில் வைப்பார். பிறகு கிண்ணம் வரும்.

அன்றும் மழை. ஆண்கள் பக்கத்தில் ஏரி எத்தனை அடி என்று போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் மணி அடித்ததும் அடங்கினார்கள். கிருபாவதியின் வரிசை எழுந்தது. மதிவதனி எழுந்தாள். கிருபாவதியும் எழுந்து நாலடி நடந்தாள். முன்னால் போனவர்கள் கிராதியில் முழங்காலிட்டு, கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக நீட்டினார்கள். எட்டு ஜோடிக் கைகள். நாற்பது வயசுக் கை, எழுபது வயசுக் கை, மருதாணி வைத்த கை. எல்லாவற்றிலும் விரல்கள் இருந்தன.

அவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பது குடும்பம் உள்ள சபையில் அப்படி ஒரு பெண் திரும்பி உட்கார்ந்தால் கூரை ஒழுகுவதைப் போல எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஏசுபாதத்தின் கழுத்து சிவந்தது. கிருபாவதி தலைமேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"நாலு நாளா பயத்த எடுன்னு கேட்டுகினு கீறேன். நீங்க எடுக்கல. எடுக்கமாட்டீங்கன்னு தெரிஞ்சிபோச்சு. நானும் இனிமே அத்த கேக்கமாட்டேன். நாளைக்கு நான் பயந்துகினுதான் போவேன். காலு ஆடும். வாயி வறண்டுபூடும். நீங்க கூட வந்து நில்லுங்க. எனக்குத் தெரியாத எடத்துல, பின்னால நின்னாகூடப் போதும். நீங்க நிக்கறீங்கன்னு நான் நம்பிக்கறேன். அவ கை உள்ள கீதுன்னு நான் பாக்கல. நீங்க பாத்தீங்க."

சொல்லி முடித்தபோது எதுவும் நடக்கவில்லை. மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, நினைத்ததை நினைத்தபடியே அவளால் சொல்ல முடிந்திருந்தது.

கோயில் முடிந்து வேனில் ஏறியதும் ஏசுபாதம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாவி போடாமல் இருந்தான். மகள் பின்சீட்டில் இருந்தாள்.

"ஊரே பாத்துது," என்றான்.

"பாக்கட்டும். ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும். மதியும் கேக்கட்டும்." தட்டலைப் பற்றிச் சொன்னாள். மாட்டிக்கொண்ட தாங்கி, பன்னிரண்டு விநாடி, உள்ளங்கையில் வராத எறும்புக் கடி. "அந்தப் பொண்ணு தாந்தான் தப்பு பண்ணேன்னு அழுவுது. அவ தட்டல. நான் கேட்டுட்டு அமுக்கல."

ஏசுபாதம் ஆவி படிந்த முன்கண்ணாடியைக் கையால் துடைத்தான். வைப்பர் ஓடாமலே நின்றிருந்தது.

"போலீஸ் கேஸ் ஆவும்."

"ஆவலாம்."

"பயமா இல்லியா உனக்கு?"

"ராத்திரி பூரா வயித்தால போயிகினு கீது. பயமில்லியான்னு கேக்கறீங்களே."

பின்சீட்டிலிருந்து மதிவதனி கை நீட்டி அம்மாவின் தோளைத் தொட்டாள். அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. சாவியைப் போட்டான்.

"நான் வேணாம்னுதான் சொல்லுவேன். இன்னிக்கும் அத்தான் சொல்றேன். ஆனா உன்ன புடிச்சு வெக்கமாட்டேன்," என்றான்.

*

திங்கட்கிழமை காலையில் பிரஸ் ஷாப் துடைத்து வைத்த பாத்திரம் போல இருந்தது. தரையில் மஞ்சள் கோடுகள் புதிதாகப் பூசப்பட்டிருந்தன. நான்காம் பிரஸ்ஸில் புதுக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். மூன்று வாரம் வராத கண்ணாடி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்திருந்தது. சாவித் துளையில் சாவி இல்லை.

இன்ஸ்பெக்டர் ஐம்பது வயசுப் பெண்மணி. காதோரம் நரை, காலில் பாதுகாப்பு பூட்ஸ். அவரே ஒரு மரக்குச்சியைப் பின்வாசலில் நீட்டினார். பிரஸ் பாதியில் நின்றது. இரண்டு தடவை நீட்டினார், இரண்டு தடவையும் நின்றது. பக்கத்தில் சண்முகசுந்தரம், கொஞ்சம் தள்ளி ஸ்ரீதர், அதற்கும் பின்னால் தங்கமாரி.

"நல்லாத்தானே வேலை செய்யுது. முன்னால நின்னது யாரு?"

"இந்தம்மா மேடம். கிருபாவதி. ஸ்டேட்மென்ட் ரெடியா இருக்கு, கையெழுத்துதான் பாக்கி," என்றார் சண்முகசுந்தரம்.

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கிப் படித்தார். "இது நீங்க சொன்னதாம்மா?"

கிருபாவதியின் முழங்கால்கள் ஆட ஆரம்பித்தன. அவள் நினைத்ததைவிட மோசமாக ஆடின. பாதுகாப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாயில் எச்சில் இல்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை.

"இல்ல மேடம்."

"மேடம், அவங்க அந்த ஷாக்ல இன்னும்..." என்றார் சண்முகசுந்தரம்.

"அவங்க பேசட்டும் சார்."

"அந்தப் பொண்ணு சாவியத் தொடல. திருப்புன கை என்னுது. மூணு வாரமா திருப்பியேதான் இருந்துச்சு. கண்ணாடி மங்கிப்போயி பிரஸ் நின்னு நின்னு போச்சு, அதனால ஸ்ரீதர் சார் குடுத்தாரு. அவரு ரெண்டு தரம் எழுதிப் போட்டாரு, கண்ணாடி வரல. இது நேத்து மாட்டுனது. சனிக்கிழம வரைக்கும் இந்தத் தங்கமாரி பொண்ணும் அந்தத் திரை இல்லாமதான் கைய வுட்டுகினு இருந்துச்சு."

தங்கமாரி தன்னை அறியாமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஸ்ரீதர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல்கள் சிவந்திருந்தன.

"திரை இல்லாம, அந்தப் பொண்ணு கை வெளிய வந்துச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். சாவியோடு நிறுத்தியிருந்தால் யாரும் மேற்கொண்டு துருவியிருக்க மாட்டார்கள். கிருபாவதி கம்பியை விட்டுவிட்டுப் பட்டன் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் பச்சைப் பட்டன்கள் மேல் அமுக்காமல் வைத்தாள்.

"பின்னாலேந்து ஒரு தட்டுத் தட்டும் மேடம். இங்க கையில தெரியும். தெரிஞ்சா அமுக்கணும். அன்னிக்குத் தட்டல. நான் காத்துகினு இல்லாம அமுக்கிட்டேன். அத்தயும் எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தி, பிரஸ்ஸின் பின்பக்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பின்னால நிக்கறவங்களுக்கும் தனியா ரெண்டு பட்டன் இருக்கணும். நாலு கையும் வெளிய இருந்தாத்தான் இறங்கணும். அது ஏன் இல்ல?" கேள்வி சண்முகசுந்தரத்துக்கு. அவர் கர்ச்சீப்பை எடுத்தார். "எல்லா பிரஸ்ஸையும் நிறுத்துங்க. ஒவ்வொண்ணா பாக்கணும்."

ஒன்றன் பின் ஒன்றாக ஏழு பிரஸ்களும் நின்றன. ஆறு வருடத்தில் கிருபாவதி அந்த ஷாப்பில் மழைச் சத்தத்தைக் கேட்டதில்லை. இப்போது கேட்டது.

பதினொரு மணிக்கு அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார்கள். கேட்டுக்கு வெளியே ஏசுபாதம் வேனில் சாய்ந்து நின்றிருந்தான்.

"இன்னா, ட்ரிப் இல்லியா?"

"சாயங்காலத்துலேந்து வர வேணாம்னு போன் பண்ட்டாங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேத்துக்கும் ஒரே நாள்ல லீவு. யாருக்குமே கெடைக்காது." கதவைத் திறந்துவிட்டான். "வூட்டுக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு."

*

இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றதைவிட அந்தக் கட்டிலுக்கு முன்னால் நிற்பது கடினமாக இருந்தது. அங்கே சட்டம் இருந்தது, பேனா இருந்தது. இங்கே ஒரு வெள்ளை உருண்டையும், "வாங்கக்கா" என்ற சிரிப்பும் இருந்தன. கிருபாவதி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

இசக்கிசெல்வியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"அப்பம் நான் தட்டலையா?"

"தட்டல."

"தட்டிட்டு மறுபடி கைய விடலையா?"

"இல்லம்மா. நீ எடுக்கவே இல்ல. நான்தான்."

அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. கிருபாவதி போகவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு வந்தது. இந்தக் கட்டிலுக்கும் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். சோறு ஆவி பறந்து, பிறகு ஆவி அடங்கியது.

"ஆறு நாளா என்னைய நானே கொன்னு போட்டுக்கிட்டுக் கெடந்தேன்," என்றாள் இசக்கிசெல்வி, சுவரிடம். "சனிக்கிழம வந்தியளே. அப்பமே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"இப்பம் பயமில்லையாக்கும்?"

"இப்பவும்தான்."

இசக்கிசெல்வி திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன. கிருபாவதியை நேராகப் பார்த்தாள். மன்னிப்பு மாதிரி எதுவும் அந்தப் பார்வையில் இல்லை. பிறகு எழுந்து தலையணையில் சாய்ந்து, தட்டைத் தாடையால் காட்டினாள்.

"பசிக்கு. ஊட்டுங்க."

கிருபாவதி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தட்டை இடது உள்ளங்கையில் ஏந்தி, சோற்றை ரசத்தில் பிசைந்து முதல் கவளத்தை உருட்டி வாயில் வைத்தாள். அடுத்த கவளத்தை உருட்டிக் கையைத் தூக்கினாள்.

இசக்கிசெல்வி வாயைத் திறக்கவில்லை. இன்னும் மென்றுகொண்டிருந்தாள். இடது கையால் ஸ்பூனை எடுத்தாள். மென்று, விழுங்கி, தட்டின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த அதிர்வு தட்டைத் தாங்கியிருந்த கிருபாவதியின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கை அந்த வாயை நோக்கிப் போனது. மூன்றாவது கவளத்தை உருட்டி வைத்துக்கொண்டு, அடுத்த தட்டலுக்காக அசையாமல் காத்திருந்தாள்.